மதுவங்களின் ஐதரோகார்பன் சிதைப்பு

மதுவங்களின் ஐதரோகார்பன் சிதைப்பு என்பது, கார்பனும் ஐதரசனும் மட்டுமே கொண்ட சேர்மங்களான ஐதரோகார்பன்களை (நீரகக்கரிமங்கள்) சில மதுவ இனங்கள் படிப்படியாக ஆக்சிசனேற்றி, தம் வளர்ச்சிக்கு வேண்டிய கார்பனையும் ஆற்றலையும் பெறும் உயிர்வேதியியல் செயல்முறை ஆகும். மதுவம் அல்லது ஈஸ்ட் எனப்படுவது பூஞ்சை இராச்சியத்தைச் சேர்ந்த ஒற்றை உயிரணு உயிரி ஆகும். ரொட்டி செய்யவும் மது வடிக்கவும் பயன்படும் சாக்கரோமைசிசு செரிவிசியே என்னும் மதுவத்துக்கு ஐதரோகார்பன்களில் வளரும் திறன் இல்லை. யாரோவியா லிப்போலிட்டிக்கா, கேண்டிடா டிராப்பிக்கலிசு, கேண்டிடா மால்ட்டோசா போன்ற இனங்கள் இத்திறனைக் கொண்டுள்ளன.

இச்செயல்முறையின் கடினமான படி முதற்படியே ஆகும். வினைத்திறன் குறைந்த ஐதரோகார்பன் மூலக்கூற்றின் ஒரு முனையில் ஓர் ஆக்சிசன் அணுவைப் பொருத்துவதே அப்படி. அதன்பின் அம்மூலக்கூறு ஓரிரு வினைகளில் கொழுப்பு அமிலமாக மாறிவிடுகிறது. அங்கிருந்து, நெய்யிலும் தேங்காயெண்ணெயிலும் உள்ள கொழுப்பைச் சிதைக்கும் அதே வழியில் மதுவம் அதனையும் சிதைக்கிறது. இச்செயல்முறை எண்ணெய் மாசு நீக்கம், எரிபொருள் கெடுதல், வேதித்தொழில் ஆகியவற்றுடன் தொடர்புடையது. 1960களிலும் 1970களிலும் பெட்ரோலியத்திலிருந்து புரத உணவு செய்யும் பெருமுயற்சிக்கும் இதுவே அடிப்படையாக இருந்தது.

வரலாறு

நுண்ணுயிரிகள் பாரபின் மெழுகையும் பெட்ரோலியத்தையும் உணவாகக் கொள்ளும் என்பது 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அறியப்பட்டது. 1946 ஆம் ஆண்டு அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கிளாடு சோபெல் வெளியிட்ட மீளாய்வுக் கட்டுரை, ஐதரோகார்பன்களைப் பயன்படுத்தும் ஏறத்தாழ 100 நுண்ணுயிர் இனங்களைத் தொகுத்தது. அவற்றுள் பாக்டீரியாக்களுடன் பூஞ்சைகளும் மதுவங்களும் இருந்தன.

1950களின் இறுதியில் பிரான்சு நாட்டின் மார்செய் நகருக்கு அருகிலுள்ள லவேரா எண்ணெய்த் தூய்விப்பு ஆலையில் ஆல்பிரெட் சாம்பாஞா என்பவர் தலைமையில் ஆய்வுகள் தொடங்கியபோது, மதுவங்கள் இத்துறையின் முன்வரிசைக்கு வந்தன. 1970களில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சபுரோ புக்குயி, அட்சுவோ தனக்கா முதலியோர், ஆல்க்கேனில் வளரும் கேண்டிடா உயிரணுக்களில் பெராக்சிசோம் என்னும் நுண்ணுறுப்புகள் பெருமளவில் பெருகுவதை ஆராய்ந்தனர். 2004 ஆம் ஆண்டு யாரோவியா லிப்போலிட்டிக்காவின் முழு மரபணுத்தொகை வெளியிடப்பட்டது. இம்மதுவம் ஆறு நிறப்புரிகளைக் கொண்டது.

சிதைக்கும் மதுவங்கள்

ஐதரோகார்பன் சிதைக்கும் மதுவங்களுள் மிகுதியாக ஆராயப்பட்டது யாரோவியா லிப்போலிட்டிக்கா ஆகும். முன்னர் இது கேண்டிடா லிப்போலிட்டிக்கா என அழைக்கப்பட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பணியாற்றிய மதுவ ஆய்வாளர் டேவிட் யாரோ என்பவரைச் சிறப்பிக்கும் வகையில் 1980 இல் இதன் பேரினத்துக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. இனப்பெயரின் பொருள் 'கொழுப்பைச் சிதைப்பது' என்பதாகும். பாலாடைக்கட்டி, இறைச்சி போன்ற கொழுப்பு மிக்க உணவுகளிலும், எண்ணெய் கலந்த மண்ணிலும் கடல்நீரிலும் இது காணப்படுகிறது. கொழுப்பும் ஆல்க்கேனும் இம்மதுவத்துக்கு ஏறக்குறைய ஒரே வகை உணவு என்பதை இவ்விருவகை வாழிடங்களும் காட்டுகின்றன.

கேண்டிடா டிராப்பிக்கலிசு, கேண்டிடா மால்ட்டோசா, தெபாரியோமைசிசு ஆன்செனீ ஆகியனவும் இத்திறன் உடையவை. இவற்றுள் கேண்டிடா டிராப்பிக்கலிசு, நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய மனிதர்களில் தொற்றை உண்டாக்கக் கூடியது.

சிதைக்கப்படும் ஐதரோகார்பன்கள்

கச்சா எண்ணெய் பல்லாயிரம் சேர்மங்களின் கலவை ஆகும். மதுவங்கள் அவை அனைத்தையும் ஒரே அளவில் சிதைப்பதில்லை.

* நேர்ச்சங்கிலி ஆல்க்கேன்கள்: மிக எளிதாகச் சிதைவன இவையே. ஏறத்தாழ 10 முதல் 18 வரையான கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலிகளை மதுவங்கள் விரும்பி உட்கொள்கின்றன. மண்ணெண்ணெயிலும் டீசலிலும் இவை மிகுதியாக உள்ளன.
* குறுகிய சங்கிலிகள்: 5 முதல் 9 வரையான கார்பன் அணுக்கள் கொண்ட நீர்ம ஆல்க்கேன்கள் உயிரணுவின் கொழுப்புப் படலத்தில் கரைந்து அதனைக் குலைப்பதால், பல மதுவங்களுக்கு நச்சாகின்றன.
* கிளைச்சங்கிலி ஆல்க்கேன்கள்: கிளைகள் நொதிகளின் வேலைக்கு இடையூறு செய்வதால் இவை மெதுவாகவே சிதைகின்றன.
* ஆல்க்கீன்கள்: இரட்டைப் பிணைப்பு உள்ள முனையிலோ, எதிர் முனையிலுள்ள மெத்தில் தொகுதியிலோ ஆக்சிசனேற்றம் தொடங்கலாம்.
* அரோமாட்டிக்குச் சேர்மங்கள்: இவற்றைச் சில மதுவங்கள் பகுதியளவில் மட்டுமே மாற்றுகின்றன.
* அசுபால்ட்டீன்கள்: தார் போன்ற இக்கனமான பகுதி பெரும்பாலும் தீண்டப்படாமல் எஞ்சுகிறது.

சிதைப்பின் படிநிலைகள்

16 கார்பன் அணுக்கள் கொண்ட நேர்ச்சங்கிலி ஆல்க்கேனான எக்சாடெக்கேன் சிதையும் முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, படிநிலைகள் கீழே விளக்கப்படுகின்றன.

உள்ளெடுத்தல்

மதுவங்கள் நீரில் வாழ்வன; எக்சாடெக்கேனோ நீரில் ஏறத்தாழக் கரையாதது. இத்தடையை மதுவங்கள் இரு வழிகளில் கடக்கின்றன. முதல் வழியில், உயிரணு பால்மமாக்கிப் பொருள்களைச் சுரந்து எண்ணெயை நுண்துளிகளாக உடைக்கிறது. யாரோவியா லிப்போலிட்டிக்கா சுரக்கும் லிப்போசான் என்னும் பால்மமாக்கி 1980களில் பிரித்தெடுக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 83 விழுக்காடு கார்போவைதரேட்டும் 17 விழுக்காடு புரதமும் உள்ளன. இரண்டாம் வழியில், உயிரணு நேரடியாக எண்ணெய்த் துளியின்மேல் ஒட்டிக்கொள்கிறது. ஆல்க்கேனில் வளரும் கேண்டிடா டிராப்பிக்கலிசின் உயிரணுச் சுவரில், சர்க்கரைப் பலபடியுடன் கொழுப்பு அமிலங்கள் இணைந்த, எண்ணெயை ஈர்க்கும் புடைப்புகள் தோன்றுகின்றன. வெளியே ஒட்டிய எண்ணெய் இவற்றின் வழியாக உயிரணுப் படலத்தை அடைவதாகக் கருதப்படுகிறது.

முதல் ஆக்சிசனேற்றம்

உட்புகுந்த ஆல்க்கேன் எண்டோபிளாச வலையை (அகக்கலவுருச் சிறுவலை) அடைகிறது. அங்குள்ள சைட்டோக்குரோம் பி450 வகை நொதிகள், காற்றிலிருந்து பெறப்பட்ட ஆக்சிசன் மூலக்கூற்றின் இரு அணுக்களுள் ஒன்றைச் சங்கிலியின் முனைக் கார்பனில் பொருத்துகின்றன. மற்றோர் அணு நீராக மாறுகிறது. இதற்கு வேண்டிய எதிர்மின்னிகளை என்ஏடிபிஎச் என்னும் இணைநொதி வழங்குகிறது. இவ்வாறு எக்சாடெக்கேன், எக்சாடெக்கனால் என்னும் ஆல்ககாலாக மாறுகிறது.

மதுவங்களில் இவ்வேலையைச் செய்யும் நொதிகள் சிவைபி52 என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. யாரோவியா லிப்போலிட்டிக்காவில் இக்குடும்பத்தைச் சேர்ந்த 12 மரபணுக்கள் உள்ளன. வெவ்வேறு நீளமுள்ள சங்கிலிகளை வெவ்வேறு நொதிகள் கையாள்கின்றன. இம்மரபணுக்கள் பன்னிரண்டும் நீக்கப்பட்ட மதுவம் ஆல்க்கேன்களில் அறவே வளர்வதில்லை என்பது 2012 இல் வெளியான ஆய்வொன்றில் காட்டப்பட்டது. ஆல்க்கேன் சிதைப்புக்கு இம்முதற்படி இன்றியமையாதது என்பதை இச்சோதனை உறுதிசெய்தது.

இப்படிக்கு ஆக்சிசன் மூலக்கூறே வினைபடுபொருளாகத் தேவைப்படுவதால், காற்றில்லாச் சூழலில் மதுவங்களால் ஆல்க்கேன்களைச் சிதைக்க இயலாது. ஆக்சிசன் இன்றியும் ஆல்க்கேன்களைச் சிதைக்கும் சில பாக்டீரியாக்கள் வேறு வேதிவழிகளைப் பின்பற்றுகின்றன.

கொழுப்பு அமிலமாதல்

எக்சாடெக்கனால் அடுத்து எக்சாடெக்கனல் என்னும் ஆல்டிகைடாகிறது. கேண்டிடா இனங்களில் கொழுப்பு ஆல்ககால் ஆக்சிடேசு நொதி இதனைச் செய்கிறது; யாரோவியாவில் ஆல்ககால் ஐதரசன்நீக்கி நொதிகளும் பங்கு பெறுகின்றன. பின்னர் ஆல்டிகைடு ஐதரசன்நீக்கி நொதி இதனை எக்சாடெக்கனாயிக் அமிலமாக மாற்றுகிறது. இதன் வழக்குப் பெயர் பால்மிட்டிக் அமிலம். பனை எண்ணெயிலும் நெய்யிலும் மிகுதியாக உள்ள கொழுப்பு அமிலமும் இதுவே. இந்நிலையை எட்டிய மூலக்கூறு பெட்ரோலியத்திலிருந்து வந்ததா, உணவுக் கொழுப்பிலிருந்து வந்ததா என வேறுபடுத்த இயலாது. மதுவம் அதனை அப்படியே தன் படலக் கொழுப்புகளில் சேர்த்துக்கொள்ளவும் கூடும்.

பீட்டா ஆக்சிசனேற்றம்

பால்மிட்டிக் அமிலம் இணைநொதி-ஏ உடன் பிணைந்து பீட்டா ஆக்சிசனேற்றம் என்னும் சுற்றுவினைக்கு உட்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சங்கிலியிலிருந்து இரண்டு கார்பன் அணுக்கள் அசிட்டைல் இணைநொதி-ஏ ஆக வெட்டப்படுகின்றன. 16 கார்பன் சங்கிலி ஏழு சுற்றுகளில் எட்டு அசிட்டைல் இணைநொதி-ஏ மூலக்கூறுகளாகிறது.

விலங்குகளில் இவ்வினைகள் பெரும்பாலும் இழைமணிகளில் நிகழ்கின்றன. மதுவங்களிலோ பெராக்சிசோம்களில் நிகழ்கின்றன. இங்கு முதல் நொதியான அசைல் இணைநொதி-ஏ ஆக்சிடேசு, ஐதரசன் பெராக்சைடை உண்டாக்குகிறது. உயிரணுவுக்குத் தீங்கான இப்பொருளைக் கேட்டலேசு நொதி நீராகவும் ஆக்சிசனாகவும் பிரித்துவிடுகிறது. ஆல்க்கேனில் வளரும் மதுவங்களில் பெராக்சிசோம்கள் பெருகுவதன் காரணம் இதுவே.

ஒற்றைப்படை எண்ணிக்கையில் கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலியில், இறுதியில் மூன்று கார்பன் கொண்ட புரோப்பியோனைல் இணைநொதி-ஏ எஞ்சுகிறது. மதுவங்கள் இதனை மெத்தில்சிட்ரேட்டுச் சுழற்சி என்னும் தனிவழியில் பயன்படுத்துகின்றன.

கிளையாக்சலேட்டுச் சுழற்சி

அசிட்டைல் இணைநொதி-ஏ முழுவதும் சிட்ரிக் அமிலச் சுழற்சியில் எரிக்கப்பட்டால் ஆற்றல் கிடைக்கும். ஆனால் அதன் கார்பன் கார்பன் டைஆக்சைடாக வெளியேறிவிடும். உயிரணுச் சுவர் கட்டச் சர்க்கரையும், புரதம் கட்ட அமினோ அமிலங்களும் வேண்டும். எனவே ஒரு பகுதி அசிட்டைல் இணைநொதி-ஏ, கிளையாக்சலேட்டுச் சுழற்சி வழியாகச் செல்கிறது. ஐசோசிட்ரேட்டு லையேசு, மாலேட்டு சிந்தேசு என்னும் இரு நொதிகள், கார்பன் டைஆக்சைடு வெளியேறும் படிகளைத் தவிர்த்து, இரண்டு கார்பன் துண்டுகளிலிருந்து நான்கு கார்பன் கொண்ட அமிலங்களை உருவாக்குகின்றன. இவற்றிலிருந்து மதுவம் தனக்கு வேண்டிய பிறவற்றைத் தொகுத்துக்கொள்கிறது.

ஒமேகா ஆக்சிசனேற்றம்

சில வேளைகளில் சங்கிலியின் மறுமுனையும் இதே முறையில் ஆக்சிசனேற்றம் அடைகிறது. அப்போது இருமுனைகளிலும் அமிலத்தொகுதி கொண்ட இருகார்பாக்சிலிக் அமிலம் உண்டாகிறது.

மரபணுக் கட்டுப்பாடு

இந்நொதிகளை மதுவம் எப்போதும் உருவாக்குவதில்லை. குளுக்கோசு போன்ற எளிய உணவு கிடைக்கும்போது இவற்றின் உற்பத்தி அடங்கியிருக்கும். யாரோவியா லிப்போலிட்டிக்காவில் யாசு1, யாசு2, யாசு3 என்னும் மூன்று புரதங்கள் இதனைக் கட்டுப்படுத்துகின்றன. யாசு1, யாசு2 இரண்டும் இணைந்து ஆல்க்கேன் மரபணுக்களை இயக்குகின்றன. யாசு3 அவ்வியக்கத்தைத் தடுக்கிறது. ஆல்க்கேன் உள்ளே வந்ததும் யாசு3 உயிரணுக் கருவை விட்டு எண்டோபிளாச வலைக்குச் செல்வதால் தடை நீங்குகிறது.

அரோமாட்டிக்குச் சேர்மங்கள்

நாப்தலீன், பைபீனைல், பென்சோபைரீன் போன்ற வளையச் சேர்மங்களைச் சில மதுவங்கள் ஆக்சிசனேற்றுவது 1980களின் தொடக்கத்தில் அறியப்பட்டது. இங்கும் சைட்டோக்குரோம் பி450 நொதிகளே செயற்படுகின்றன. பொதுவாக இம்மாற்றம் வளையத்தில் ஐதராக்சில் தொகுதி சேர்வதோடு நின்றுவிடுகிறது. வளையம் உடைந்து உணவாவது அரிது. பாக்டீரியாக்கள் பல ஆக்சிசனின் இரு அணுக்களையும் வளையத்தில் ஒருங்கே சேர்த்து அதனை உடைத்து உண்பதால், இப்பணியில் அவையே முதன்மையானவை.

பெட்ரோலியப் புரதம்

லவேரா ஆய்வுகளின் தொடக்க நோக்கம் உணவு அன்று. டீசல் வகை எண்ணெயில் உள்ள மெழுகுத்தன்மை கொண்ட ஆல்க்கேன்கள் குளிரில் உறைந்து தொல்லை தருவன. அவற்றை மதுவத்தைக் கொண்டு நீக்கினால் எண்ணெய் தூய்மையாகும். அத்துடன் புரதம் மிக்க மதுவமும் விளைபொருளாகக் கிடைக்கும். உலகில் புரதப் பற்றாக்குறை பெரிதும் பேசப்பட்ட 1960களில், இவ்விளைபொருளே முதன்மை நோக்கமாயிற்று. இத்தகைய நுண்ணுயிர் உணவுக்கு 'ஒற்றை உயிரணுப் புரதம்' என்னும் பெயர் 1966 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் வைக்கப்பட்டது.

எக்சாடெக்கேனின் எடையில் 85 விழுக்காடு கார்பன். குளுக்கோசில் 40 விழுக்காடே கார்பன். எனவே 1 கிலோகிராம் ஆல்க்கேனிலிருந்து ஏறத்தாழ 1 கிலோகிராம் உலர் மதுவம் கிடைக்கிறது. அதே எடையுள்ள சர்க்கரையிலிருந்து இதில் பாதியே கிடைக்கும். மறுபுறம், ஆல்க்கேனில் ஆக்சிசன் சிறிதும் இல்லாததால் காற்றோட்டம் பன்மடங்கு தேவைப்படுகிறது. வெளிப்படும் வெப்பமும் மிகுதி. கலனைக் குளிர்விக்கும் செலவு இதனால் உயர்கிறது.

பிரித்தானியப் பெட்ரோலிய நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் லவேராவிலும் சுகாட்லாந்தின் கிரேஞ்சுமவுத்திலும் ஆலைகளை நடத்தியது. 'டாப்ரினா' என்னும் பெயரில் இம்மதுவம் கன்றுகளுக்கும் பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் தீவனமாக விற்கப்பட்டது. இத்தாலியின் சார்தீனியாத் தீவிலுள்ள சாரோக்கில் ஆண்டுக்கு 1,00,000 டன் உற்பத்தித் திறனுள்ள ஆலை ஒன்றும் கட்டப்பட்டது. 1976 இல் சாம்பாஞாவுக்கு யுனெசுக்கோ அறிவியல் பரிசு வழங்கப்பட்டது.

ஆயினும் இம்முயற்சி நிலைக்கவில்லை. அதன் காரணங்கள் வருமாறு:

* 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மூலப்பொருளின் விலை பன்மடங்கு உயர்ந்தது. சோயா அவரைப் புண்ணாக்குடன் விலையில் போட்டியிட இயலாமற் போயிற்று.
* பெட்ரோலியத்தின் புற்றுநோய் விளைக்கும் சேர்மங்கள் உணவில் எஞ்சக்கூடும் என்னும் அச்சம் பரவியது. ஜப்பானில் நுகர்வோர் எதிர்ப்பின் காரணமாக 1973 இல் நிறுவனங்கள் தம் திட்டங்களைக் கைவிட்டன.
* ஒற்றைப்படைக் கார்பன் ஆல்க்கேன்களில் வளர்ந்த மதுவத்தில் ஒற்றைப்படைக் கொழுப்பு அமிலங்கள் சேர்கின்றன. இவை தீவனம் உண்ட விலங்குகளின் கொழுப்பிலும் காணப்பட்டது இத்தாலியில் ஐயங்களை எழுப்பியது. சாரோக் ஆலை முழு உற்பத்தியை எட்டாமலேயே 1970களின் இறுதியில் கைவிடப்பட்டது.
* மதுவங்களில் நியூக்கிளிக் அமிலம் மிகுதி. மனிதர் இதனை நேரடியாக மிகுதியாக உண்டால் குருதியில் யூரிக் அமிலம் உயரும்.

சோவியத் ஒன்றியம் இத்தொழிலைப் பேரளவில் தொடர்ந்தது. லெனின்கிராடு வட்டாரத்தின் கிரிசி நகரில் இயங்கிய ஆலையிலிருந்து வெளியேறிய புரதத் தூசியால் ஆத்துமாவும் ஒவ்வாமை நோய்களும் ஏற்படுவதாக மக்கள் குற்றஞ்சாட்டினர். 1987 இல் அங்கு பெரும் மக்கள் போராட்டம் நடைபெற்றது. சோவியத் ஒன்றியத்தின் இறுதி ஆண்டுகளில் அங்கும் பாரபினிலிருந்து புரதம் செய்யும் தொழில் ஒடுங்கியது.

எண்ணெய் மாசும் மதுவங்களும்

எண்ணெய் சிந்திய கடற்பகுதிகளில் ஐதரோகார்பன் சிதைக்கும் மதுவங்களின் எண்ணிக்கை உயர்வது உண்டு. மும்பைக்கு அருகே எண்ணெய் மாசடைந்த கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட யாரோவியா லிப்போலிட்டிக்கா வகை ஒன்று, பாம்பே ஐ கச்சா எண்ணெயின் ஆல்க்கேன் பகுதியைச் சிதைப்பதாகப் புனே நகர ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில் கண்டனர்.

எனினும் கடலில் சிந்திய எண்ணெயை மதுவங்கள் தாமாக விரைந்து நீக்கிவிடும் எனக் கொள்ள இயலாது. எண்ணெயில் கார்பன் மிகுதி. வளர்ச்சிக்கு வேண்டிய நைதரசனும் பாசுபரசும் மிகக் குறைவு. வெப்பநிலை, காற்றோட்டம், அலைகளின் கலக்கம் ஆகியனவும் சிதைவின் விரைவைத் தீர்மானிக்கின்றன. 1989 இல் அலாசுக்காவில் எக்சான் வால்டீசு கப்பலிலிருந்து எண்ணெய் சிந்தியபோது, கரையிலுள்ள நுண்ணுயிரிகளை ஊக்குவிக்க உரங்கள் தூவப்பட்டன. அங்கும், பொதுவாகக் கடலிலும், சிதைப்புப் பணியின் பெரும்பங்கு பாக்டீரியாக்களுடையது. ஆல்க்கேன்கள் நீங்கியபின் கனமான தார்ப்பகுதி நெடுங்காலம் எஞ்சுகிறது.

எரிபொருள் கெடுதல்

டீசல், விமான எரிபொருள் ஆகியவற்றைச் சேமிக்கும் தொட்டிகளின் அடியில் சிறிதளவு நீர் தேங்குவது வழக்கம். நீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் மதுவங்களும் பிற பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் படலமாக வளர்கின்றன. இவற்றுள் மிகவும் அறியப்பட்டது 'மண்ணெண்ணெய்ப் பூஞ்சை' எனப்படும் அமோர்போதீக்கா ரெசினே என்னும் இழைப்பூஞ்சை ஆகும். இப்படலம் வடிகட்டிகளை அடைக்கிறது. சிதைப்பின்போது வெளியாகும் கரிம அமிலங்கள் உலோகத்தை அரிக்கின்றன. நீரின்றி இவ்வுயிரிகள் வளர இயலாது என்பதால், தேங்கும் நீரை அடிக்கடி வடித்துவிடுவதே முதன்மையான தடுப்பு முறை ஆகும்.

தொழிற் பயன்கள்

இருகார்பாக்சிலிக் அமிலங்கள் நைலான் வகைகள், நறுமணப் பொருள்கள், உயவுப்பொருள்கள் ஆகியவற்றைச் செய்யப் பயன்படுகின்றன. கேண்டிடா டிராப்பிக்கலிசில் பீட்டா ஆக்சிசனேற்றத்தின் முதல் நொதிக்குரிய மரபணுக்களை முடக்கினால், சங்கிலி வெட்டப்படாமல் ஒமேகா வழியில் சென்று இவ்வமிலமாகக் குவிகிறது. இம்முறை 1992 இல் விளக்கப்பட்டது. நீண்ட சங்கிலி இருகார்பாக்சிலிக் அமிலங்கள் நொதித்தல் முறையில் சீனாவில் வணிக அளவில் உற்பத்தி செய்யப்படுகின்றன. யாரோவியா லிப்போலிட்டிக்கா ஆல்க்கேனிலிருந்து சிட்ரிக் அமிலத்தையும் பெருமளவில் சுரக்க வல்லது.

2019 இல் ஐரோப்பிய ஒன்றியம் யாரோவியா லிப்போலிட்டிக்காவின் உலர்த்திய உயிரணுக்களை உணவுத் துணைப்பொருளாகப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது. முன்னர் பெட்ரோலியப் புரதத்துக்காக ஆராயப்பட்ட அதே இனம், பெட்ரோலியம் அல்லாத ஊடகங்களில் வளர்க்கப்பட்டு இவ்வாறு மனித உணவில் இடம்பெற்றது.

இவற்றையும் பார்க்க

* மதுவம்
* ஆல்க்கேன்
* பீட்டா ஆக்சிசனேற்றம்
* பெராக்சிசோம்
* ஒற்றை உயிரணுப் புரதம்
* உயிரிவழி மாசு நீக்கம்